காசு நின்றாலும் கணக்குக் கேட்பது நிற்காமல் இருக்க: செட்டிநாட்டுச் சிறு குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில்தான், ஊராட்சிகளிடம் கணக்குக் கேட்கிற எங்கள் குழு ஐந்தாறு வருஷம் இருந்தது. வாடகை, ஒரு பிரிண்டர், களப்பணிக்குப் போகும் இரண்டு பேருக்கு மாதச் சம்பளம் எல்லாமே வெளியூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணம். அவர்களுக்கு வருகிற வெளிநாட்டு நன்கொடையில் எங்களுக்குக் கொஞ்சம் பிரித்துத் தருவார்கள். 2020 செப்டம்பரில் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது என்று ஆனது. அடுத்த மாதம் ஒரு போன். "தம்பி, இனிமே அனுப்ப முடியாதுப்பா, சட்டம் மாறிப்போச்சு." அவ்வளவுதான்.

அறையைக் காலி செய்ததுகூடப் பெரிய விஷயம் இல்லை. அதற்கு முன்னால் மூன்று ஊராட்சிகளுக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டிருந்தோம், முகவரி அந்த மாடி அறை. பதில் வந்தபோது வாங்க ஆள் இல்லை. சாவியை ஒப்படைக்கப் போன அன்று கதவிடுக்கில் தபால்காரர் செருகிவிட்டுப் போன சீட்டுகள் நாலைந்து கிடந்தன, மேல்முறையீட்டுக்கான 30 நாள் எப்போதோ தாண்டியிருந்தது. வாடகை நின்றால் ஆர்டிஐயும் நின்றுபோகிற மாதிரி நாங்களேதான் அமைத்து வைத்திருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது அறையும் இல்லை, சம்பளமும் இல்லை, வேலை மட்டும் நடக்கிறது. எப்படி என்று தேவகோட்டை, கல்லல், திருமயம் பக்கமெல்லாம் இருந்து கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஏழெட்டுப் பேர் இருந்தால் போதும், இதில் உள்ள எல்லாவற்றையும் செய்யலாம்.

பணம் எந்தப் பக்கம் வற்றியது

இதைத் தெரிந்துகொள்ளாமல் திட்ட அறிக்கை எழுதி ஊர் ஊராக அனுப்பி ஏமாறுகிற குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். 2020 திருத்தம் மறுபங்கீட்டை நிறுத்தியதோடு விடவில்லை. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 20 ஆகக் குறைத்தது. வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும் என்றது. கணக்குக் கேட்கிற வேலையில் பெரும்பகுதி ஆள் சம்பளமும் பஸ் காசும்தான், தாளில் எழுதினால் அதில் பாதிக்கு மேல் 'நிர்வாகச் செலவு' மாதிரியே தெரியும், ஆகவே இந்த 20 சதவீதம் எங்களைப் போன்றவர்களைத்தான் முதலில் கடித்தது. அப்புறம் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்து, ஜூலையில் தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டையே மூடியது. பிரிட்டனும் உதவித் தொகையைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதெல்லாம் எங்கள் சாக்கோட்டை ஒன்றியத்துக்கு நேரடியாக வந்த பணம் கிடையாது. ஆனால் மேலே இருக்கிற பெரிய நிறுவனங்களின் குடம் காலியானால், கீழே சொட்டுவதும் நிற்கும்.

சரி, உள்நாட்டில் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணம் இருக்கிறதே என்பார்கள். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. கல்வி உண்டு, சுகாதாரம் உண்டு, பாரம்பரியக் கட்டடம்கூட உண்டு, ஊராட்சியிடம் கணக்குக் கேட்பது என்று எதுவும் இல்லை. பள்ளிக்கு பெஞ்ச் வாங்கித் தருவார்கள். அந்தப் பள்ளிக் கட்டடத்துக்கு அரசு எவ்வளவு செலவழித்தது என்று கேட்பதற்குத் தர மாட்டார்கள். கலெக்டர் ஆபீசில் பத்து வேலை இருக்கிற கம்பெனியிடம் போய், நாங்கள் அரசு ஆபீஸ்களைக் கேள்வி கேட்கிறோம், பணம் கொடுங்கள் என்றால் டீ கொடுத்து அனுப்புவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

சிங்கப்பூர்க்காரர் பணம்: இதில்தான் செட்டிநாட்டுக் குழுக்கள் வழுக்கி விழும்

இங்கே எந்த ஊரை எடுத்தாலும் சிங்கப்பூரில், மலேசியாவில், அமெரிக்காவில் ஆள் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வருவார்கள், ஊருணியைப் பார்த்துக் கண்கலங்குவார்கள், "எவ்வளவு வேணும் சொல்லுங்க" என்பார்கள். உடனே ஜிபே நம்பரை நீட்டாதீர்கள். அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள்.

இந்தியக் குடிமகனாக இருந்து வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கண்டனூரில் வளவு வைத்த வீடே இருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு ஐநூறு ரூபாய்கூட வாங்கக்கூடாது. அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி சிங்கப்பூர்க் குடிமகன் என்று ஒரே வீட்டிலேயே இரண்டு வகையும் இருக்கும், நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கும். நாங்கள் ரசீதுக்கு ஒரு சின்னப் படிவம் வைத்திருக்கிறோம். அதில் 'நான் இந்தியக் குடிமகன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து, கூடவே பாஸ்போர்ட் முதல் பக்க நகல். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், போகட்டும். அரசிடம் சட்டப்படி நட என்று கேட்கிற குழுவை முடக்க நினைக்கிறவன் முதலில் துழாவுகிற இடமே உங்கள் வங்கிக் கணக்குதான்.

வேலையை மூன்று கூடையாகப் பிரியுங்கள்

ஒரு சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து செய்ய நினைப்பதையெல்லாம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, காசே இல்லாமல் நடக்குமா, சில நூறு ரூபாயில் நடக்குமா, சம்பளத்துக்கு ஆள் வைத்தால்தான் நடக்குமா என்று குறியுங்கள். எங்களுக்கு அதிசயமாக இருந்தது, முக்கால்வாசி முதல் இரண்டு கூடையில் விழுந்தது. கிராம சபைக்குப் போவது, இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் வரவு செலவைப் பார்ப்பது, பணி நடந்த இடத்தை அளப்பது, இதற்கெல்லாம் காசு எதற்கு? ஆர்டிஐக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிவுத் தபால், பஸ் காசு. மூன்றாவது கூடையில் நின்றது வழக்குச் செலவும், பத்துப் பதினைந்து ஊர்களில் ஒரே நேரத்தில் நடத்துகிற ஆய்வும்தான். பணம் வந்தால் அந்த மூன்றாவது கூடைக்கு மட்டும் செலவழியுங்கள். முதல் இரண்டு கூடைக்குள் திட்டப் பணத்தைக் கலந்துவிட்டால் தொலைந்தது, சும்மா வந்துகொண்டிருந்தவர்களும் அடுத்த மாதம் படி எவ்வளவு என்று கேட்பார்கள்.

ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற கூலித் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் எல்லாம் சேர்ந்து ஆரம்பித்தது. 1994இல் கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்து, இந்த ஆள் வேலைக்கு வந்தாரா, இந்தப் பணம் கைக்கு வந்ததா என்று கேட்டார்கள். 1996இல் தகவல் உரிமை கேட்டு பியாவரில் 40 நாள் தர்ணா. நாடு முழுவதற்கும் ஆர்டிஐ 2005இல் வந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். அவர்கள் நிறுவன நிதி வாங்காமல் தனிமனிதர்கள் கொடுப்பதை வைத்தே நடத்துகிறவர்கள். கூலிப் பட்டியலைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் கேட்க ஊரும் இருந்தால் அந்த வேலை நடக்கும்.

உங்கள் சிட்டையை முதலில் திறந்து வையுங்கள்

செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றாடம் எழுதுவது சிட்டை, ஆள்வாரியாகப் பிரிப்பது பேரேடு, கடைசியில் எடுப்பது ஐந்தொகை. பர்மாவில் கடை நடந்த காலத்தில் மேலாள் ஒழுங்காகக் கணக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் ஊரில் முதலாளிக்குத் தூக்கம் வந்திருக்குமா? ஊராட்சி விஷயத்தில் முதலாளி நாம், கணக்கு மட்டும் வருவதில்லை. அதைக் கேட்கப் போகும் முன் நம் ஐந்தொகை சுவரில் இருக்க வேண்டும்.

நாங்கள் செய்வது இதுதான். நாற்பது பக்க நோட்டில் சிட்டை. வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது எண், ரசீது இல்லாத பஸ் டிக்கெட் வகைக்குப் போனவரின் கையெழுத்து. பணம் வாங்குகிற ஆளும் எழுதுகிற ஆளும் வேறு வேறு. மாதம் முடிந்து ஐந்து நாளுக்குள் ஒரு பக்க ஐந்தொகை எழுதி, டீக்கடை ஒன்றிலும் கூட்டுறவுச் சங்க வாசலிலும் ஒட்டிவிடுவோம். கொடுத்தவர் பெயர் போட வேண்டாம் என்று சொன்னால் ரசீது எண்ணை மட்டும் போடுவோம், தொகையை மறைப்பதில்லை.

வரவு எங்கிருந்து? இதற்கும் ஊரிலேயே வழி இருக்கிறது. நகரத்தார் ஊர்களில் புள்ளி வரி என்றால் எல்லாருக்கும் தெரியும், கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று கோயில் காரியத்துக்கு வசூல். கடைவீதியில் மகமை என்று வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குகிற வழக்கமும் இருந்தது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை, பலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, யாரும் தனியாக உரிமை கொண்டாட முடியாதது. அதே கணக்குத்தான். மாதம் 50 ரூபாய், உச்ச வரம்பு 500. வரம்பு எதற்கு என்றால், ஒருமுறை ஒரு ஒப்பந்தக்காரர் பத்தாயிரம் கொடுக்க வந்தார், ரொம்பப் பிரியமாக. அவர் போட்ட ரோட்டைத்தான் அடுத்த மாதம் அளக்க இருந்தோம்.

கட்சிக்காரர் பணம், குவாரிக்காரர் பணம், ஊராட்சித் தேர்தலில் நிற்கப்போகிறவர் பணம் மூன்றும் வேண்டாம். உறுப்பினர் யாராவது தேர்தலில் நிற்கிறார் என்றால் தாராளமாக நிற்கட்டும், அன்றே குழுவில் இருந்து எழுதிக் கொடுத்துவிட்டு விலகட்டும்.

ஒரே ஒரு பணியை எடுங்கள்

ஊராட்சியில் ஊழல் என்று பொதுவாக ஆரம்பித்தால் ஒரு வருஷம் பேசிக்கொண்டே இருக்கலாம். ஒரு ஊருணி, ஒரு சிமெண்ட் ரோடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, இப்படி ஒன்றை எடுங்கள். ஊருணி நல்லது, ஏனென்றால் ஊரில் எல்லாருக்கும் அதன்மேல் பாசம் உண்டு, தூர்வாரினார்களா இல்லையா என்று மழைக்காலத்தில் கண்ணாலேயே தெரியும்.

முதலில் எந்தத் திட்டப் பணம் என்று கண்டுபிடியுங்கள். பணி நடந்த இடத்தில் விவரப் பலகை இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 15ஆவது நிதிக்குழு மானியம் என்றால் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுப்பட்டது, மீதி 40 பொதுவானது. நூறு நாள் வேலை என்றால் என்எம்ஆர், அதாவது வருகைப் பட்டியல் இருக்கும், பிரிவு 17 படி கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று இருந்தது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. பெயர் எதுவானாலும் யார் வந்தார், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்ற பட்டியல் இல்லாமல் கூலி போட முடியாது, நீங்கள் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

ஆர்டிஐ எழுதும் முறை

சங்கத்தின் பெயரில் போடாதீர்கள், சட்டம் குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது. ஒரு ஆளின் பெயர், அவர் வீட்டு முகவரி. நாங்கள் பட்ட பாடு தெரியும் அல்லவா. காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2). எந்த ஆபீசுக்கு என்று குழம்ப வேண்டாம், வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், அவரிடம் இல்லையென்றால் உரிய இடத்துக்கு 5 நாளுக்குள் அவரே மாற்றிவிட வேண்டும், அது 6(3).

கேள்வியாகக் கேட்காதீர்கள், ஆவணமாகக் கேளுங்கள். "ஏன் தூர்வாரவில்லை?" என்று எழுதினால் "இது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "2024-25 நிதியாண்டில் இன்ன ஊராட்சி, இன்ன ஊருணியில் நடந்த பணிக்கான மதிப்பீடு, நிர்வாக அனுமதி ஆணை, பணி ஆணை, எம்-புக்கின் உரிய பக்கங்கள், பில், வவுச்சர் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்." எம்-புக் என்பது நடந்த வேலையின் அளவுகளை எழுதி வைக்கிற புத்தகம். கடைசியில், பிரிவு 2(ஜே) படி பணியையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று ஒரு வரி. இந்த ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆபீசில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுகிற ஒரு மணி நேரத்தில், நாம் கேட்கத் தெரியாமல் விட்ட தாள் கண்ணில் படும், அந்த முதல் மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

30 நாளில் பதில் இல்லை அல்லது அரைகுறை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. தேதிகளைச் சிட்டையின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஆணையம் நினைத்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் போடலாம். போடுவது அபூர்வம், ஆனாலும் மேல்முறையீட்டு மனுவில் பிரிவு 20 என்று எழுதியிருந்தால் கொஞ்சம் வேகம் வரும்.

இன்னொன்று. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியிருக்கிறது, 'தனிநபர் தகவல்' என்ற ஒரு சொல்லைச் சொல்லியே கதவைச் சாத்த வழி பண்ணியிருக்கிறது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறது, மனுவிலேயே அதைச் சுட்டுங்கள். முடிந்தவரை ஆள் பெயரைத் தேடாமல் அளவு, தேதி, தொகை இவற்றைக் கேளுங்கள். களவு பெரும்பாலும் அளவில்தான் ஒளிந்திருக்கும்.

டேப்பை எடுத்துக்கொண்டு போகும் நாள்

எங்கள் முதல் அளவை நாங்கள் சொதப்பியதைச் சொல்கிறேன், நீங்கள் சொதப்பாமல் இருக்க. ஒரு ஊராட்சியின் குடிநீர் ஊருணி. எம்-புக்கில் கரை பலப்படுத்திய நீளம் 140 மீட்டர் என்று இருந்தது. முப்பது மீட்டர் டேப், காலை ஏழு மணி, நான்கு பேர். கிழக்கு, தெற்கு, மேற்குக் கரை அளந்தோம், 96 மீட்டர். வந்ததே கோபம். அன்று மத்தியானமே வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டோம், ஊரே பகிர்ந்தது. மறுநாள் ஒன்றிய ஓவர்சியர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கருவேலம் மண்டிக் கிடந்த வடக்குப் பக்கத்துக்குக் கூட்டிப்போனார். முள்ளுக்குள் கரை இருந்தது. 44 மீட்டர். கணக்குச் சரி.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மன்னிப்புப் பதிவு போட்டோம். பிறகு அதே ஓவர்சியர் டேப்பைப் பிடிக்க, படித்துறையை அளந்தபோதுதான் பார்த்தோம், புதிதாகப் போட்டதாக எழுதியிருந்த படிக்கல்லில் கீழ் வரிசை மூன்றும் பழைய கல், பாசி பிடித்து நடுவில் தேய்ந்து குழிந்தது, அவ்வளவு தேய்மானம் ஆறு மாதத்தில் வராது. அவரே எழுதிக்கொண்டார். பில்லில் அந்தத் தொகை பிறகு பிடிக்கப்பட்டது.

அதனால் எங்கள் விதி இப்போது இது. அளப்பதற்கு முன் எம்-புக் பக்கம் கையில் இருக்க வேண்டும், வரைபடம் போட்டு எல்லாப் பக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும், வராவிட்டால் கூப்பிட்ட கடிதத்தின் நகல் இருக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் முதலில் எழுத்தில் விளக்கம் கேட்டு ஏழு நாள் பொறுத்திருக்க வேண்டும். வாட்ஸ்ஆப் கடைசியில்தான்.

கிராம சபை, அது இல்லாத ஊர்கள்

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச், நவம்பர்க் கூட்டங்கள் 2022இல் சேர்ந்தவை. ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைவெண் உண்டு. 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது, ஆனால் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் எப்படியோ நிறைந்துவிடும். ஆகவே கூட்டம் ஆரம்பித்ததும் தலையை எண்ணி, எண்ணிக்கையைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், பக்கத்து வீட்டு அத்தைக்கும் சொல்லுங்கள்.

படிவம் 30 என்று ஒன்று உண்டு, ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம், மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டியது. கேட்டால் "ஆபீஸ்ல இருக்கு" என்பார்கள். எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஒரே கூட்டத்தில் பத்துக் கேள்வி வேண்டாம், இரண்டு போதும், அதையும் தீர்மானமாக எழுதிக் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்து, பிறகு நகல் வாங்குங்கள். பேசுவது எப்போதும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. எங்கள் குழுவில் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அக்கா கேட்டால் கிடைக்கிற பதில், நான் கேட்டால் கிடைப்பதில்லை. என்னைப் பார்த்தால் 'இவன் வேலையே இதுதான்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இருந்தால் தெருவில் வழிமறித்துக் கேட்கலாம், மறுநாள் ஓட்டுக்கு வர வேண்டியவர். தனி அலுவலரிடம் அந்தப் பிடி கிடையாது. அவரிடம் எல்லாமே தாளில், தேதியோடு, ஒப்புகைச் சீட்டோடு.

காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் உள்ளே போயின. ஊராட்சியாக இருந்து உள்ளே போன ஊர்க்காரர்களுக்குக் கிராம சபை கிடையாது, நூறு நாள் வேலையும் கிடையாது, வரி மட்டும் நகர்ப்புறக் கணக்கு. அவர்களுக்கு இருக்கிற மேடை, வார்டு மக்கள் கூடுகிற ஏரியா சபை, 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் முதல்முறையாகக் கூட்டினார்கள். உங்கள் வார்டில் கூடுகிறதா என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள், கூடவில்லை என்றால் அதுவே உங்கள் முதல் வேலை.

புகார் ஏணி

கீழ்ப்படியில் இருந்து ஏறுங்கள், படியைத் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பிடிஓ) மனு, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் (காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கைக்கும், திருமயம், பொன்னமராவதிக்காரர்கள் புதுக்கோட்டைக்கும்), முதல்வரின் முகவரி உதவி எண் 1100. டெண்டர் விஷயம் என்றால் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைச் சுட்டுங்கள். உள்ளாட்சிகள் மீதான புகாரை விசாரிக்கவென்றே முறைமன்ற நடுவம் உண்டு, 2014 சட்டம். லஞ்சம் என்று ஆதாரம் இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு கடைசிப் படி, அதற்கு முன் எல்லாப் படியிலும் ஏறிய தாள் கையில் இருந்தால்தான் வக்கீலே கோப்பைத் திறப்பார்.

பதிவு, வரி: சுருக்கமாக

மாதம் சில ஆயிரம் ரூபாய் வரவு உள்ள குழுவுக்கு எடுத்தவுடன் பதிவு தேவையா என்று கேட்டால், ஒரு வருஷம் வேலையைச் செய்துவிட்டு யோசியுங்கள் என்பேன். பதிவு செய்வதானால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், ஏழு பேர், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், மறந்தால் சிக்கல். கொடுப்பவருக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் அதற்கான பதிவு வேண்டும், 1961 சட்டத்தில் அது 12ஏ, 80ஜி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது. ஆடிட்டர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஊரில் பிறந்து கணக்குத் தெரிந்தவருக்கா பஞ்சம்.

ஆள் மாறினாலும் ஓட

குழுவில் ஒருவருக்குத் திருப்பூரில் வேலை கிடைக்கும், ஒருவருக்கு மிரட்டல் போன் வந்து வீட்டில் தடுப்பார்கள், ஒருவர் சலித்துப்போவார். எதையும் ஒரே ஆளின் போனில் வைக்காதீர்கள். மனு நகல்களை ஸ்கேன் செய்து மூன்று பேரிடம் வையுங்கள், மூலத் தாள்கள் ஒரு டிரங்குப் பெட்டியில். மிரட்டல் வந்தால் அன்றே தேதி, நேரம், எண் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டுப் போலீசில் மனு கொடுங்கள், தனியாக ஒருவர் பெயரில் வேண்டாம். மனுதாரரையும் ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டே இருங்கள்.

போன மாதம் ஐந்தொகையை டீக்கடையில் ஒட்டிவிட்டுத் திரும்பினால், பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் படிக்கிறார். ஐம்பது ரூபாய் மாதாமாதம் கொடுக்கிறவர்தான். "ஏப்பா, கிராம சபை அன்னிக்கு ஜெராக்ஸ் 212 ரூவாயா? பக்கம் 2 ரூவான்னா 106 பக்கம். அத்தனை பக்கம் யாருக்குக் குடுத்தீங்க?" பதில் சட்டென்று வரவில்லை. வீட்டுக்குப் போய் ரசீதை எடுத்துப் பார்த்தேன், அதில் 12 ரூபாய் பேனா. மறுநாள் காலையில் போய், அந்த வரியை அடித்து இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.